ஆச்சரியம் தரும் அணியை எப்போது நம்பலாம்?

திருகோணமலையில் பாடசாலைக் கூடைப்பந்து அணியொன்றைப் பயிற்றுவிக்கும் தம்பி ஒருவர், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "என்.பி.ஏ. சீசன் தொடங்கிப் பத்துப் பதினைந்து மெட்ச்சுக்குள்ளேயே யாரும் எதிர்பாராத ஒரு டீம் மேலே வந்து நிற்குது. பேரே கேள்விப்படாத ஒரு ப்ளேயர் இருபத்தைந்து புள்ளி எடுக்கிறான். அது நிஜமான வளர்ச்சியா, கொஞ்ச நாள் அதிர்ஷ்டமா என்று எப்படி அண்ணா பிரிச்சுப் பார்க்கிறது? எங்கட பெடியளின்ர டீமுக்கும் அதே கணக்கு சரிவருமா?"

தம்பி, சரிவரும். ஆனால் வெற்றி தோல்விப் பட்டியலைக் கடைசியாகப் பார்க்கப் பழகவேண்டும். முதலில் பார்க்கவேண்டியது புள்ளி வித்தியாசம். அடுத்தது, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு த்ரீ பொயின்ட் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளிக்கு எறியும்) எறிதலின் ஏற்ற இறக்கத்தால் வந்தது என்பது. அதற்குப் பிறகு, ஆட்டம் ஆடும் முறையில் ஏதாவது மாறியிருக்கிறதா, யார் கோர்ட்டில் நிற்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால், சீசன் தொடங்கிய கையோடு வரும் ஒவ்வொரு நவம்பரிலும் ஏமாறுவீர்கள்.

2024-25 சீசனையே எடுத்துக்கொள்வோம். ஃபீனிக்ஸ் சன்ஸ் முதல் ஒன்பது மெட்ச்சில் எட்டை வென்றது. இந்தியானா பேஸர்ஸ் முதல் 25இல் 15ஐத் தோற்றது. சீசன் முடிவில் சன்ஸ் 36 வெற்றி, 46 தோல்வி (36-46); ப்ளே-ஓஃப் எனும் வெளியேற்றுச் சுற்றுகளுக்கான கடைசி இடங்களைத் தீர்மானிக்கும் ப்ளே-இன் சுற்றுக்குக்கூடப் போகவில்லை. பேஸர்ஸ் 50-32 என்று முடித்து, இறுதித் தொடரின் ஏழாவது மெட்ச் வரை போனது. இரண்டுக்கும் அறிகுறி ஆரம்பத்திலேயே இருந்தது. சன்ஸின் அந்த எட்டு வெற்றிகளில் பல மயிரிழையில் வந்தவை. பிலடெல்பியாவுடன் 2 புள்ளி, டாலஸுடன் 1 புள்ளி. கடைசி இரண்டு நிமிடத்தில் முடிவாகும் மெட்ச்களை ஓர் அணி தொடர்ந்து எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் வென்றுகொண்டே இருக்க முடியாது. சீசன் நீள நீள அது பாதிக்குப் பாதிக்குக் கிட்ட வந்துவிடும். அதோடு கெவின் டுரான்டுக்குக் கெண்டைக்காலில் காயம் வந்ததும் அந்த மெல்லிய வித்தியாசமும் கரைந்தது. பேஸர்ஸுக்கு ஆரம்பத்தில் ஆளே இல்லை. மாற்று சென்டர்களாக (ரிங்கடியில் ஆடும் உயரமானவர்களாக) இருந்த ஜேம்ஸ் வைஸ்மன், ஐசேயா ஜாக்சன் இருவருக்கும் சீசன் தொடங்கிய கையோடு குதிகால் தசைநாண் அறுந்தது. ஆரோன் நெஸ்மித் ஜனவரி வரை இல்லை, அன்ட்ரூ நெம்ஹார்டும் நவம்பரில் வெளியே இருந்தார். ஆட்கள் திரும்பி வந்ததும் எஞ்சிய 57இல் 40ஐ வென்றார்கள்.

புள்ளி வித்தியாசத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஒரு மெட்ச்சுக்குச் சராசரியாக எதிரணியைவிட ஒரு புள்ளி கூடுதலாக எடுத்தால், முழு சீசனின் 82 மெட்ச்சில் 41க்கு மேல் ஏறத்தாழ இரண்டரை வெற்றி. +4 என்றால் 51 வெற்றியை ஒட்டி வரவேண்டும். -4 என்றால் 31. உச்சத்தில் இருக்கும் அணிகளுக்கு இது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஒக்லஹோமா சிட்டி தண்டர் 2024-25இல் +12.9 என்ற சாதனை வித்தியாசத்தோடு 68 வெற்றி எடுத்தது, கைக்கணக்கு 70ஐத் தாண்டிவிடும். நடுப்பகுதி அணிகளுக்கு நன்றாகவே பொருந்தும்.

இதன் பலம் 2022-23இல் அழகாகத் தெரிந்தது. அந்த வருடம் மியாமி ஹீட் 44-38, தண்டர் 40-42. பட்டியலில் மியாமி மேலே. ஆனால் மியாமி முழு சீசனிலும் எடுத்ததைவிடக் கொடுத்தது கூட: மெட்ச்சுக்கு -0.3. தண்டரோ தோல்வி கூடிய அணியாக இருந்தும் +1.1. அதுவும், காலில் பட்ட காயத்தால் தண்டரின் செட் ஹோம்கிரன் ஒரு மெட்ச்கூட ஆடாத வருடம் அது. அடுத்த சீசனில் தண்டர் 57-25 என்று மேற்குப் பிரிவின் முதலிடத்துக்கு வந்தபோது ஆச்சரியப்பட்டவர்கள் 40-42ஐ மட்டும் பார்த்தவர்கள். 22, 24, 40, 57, 68 என்று ஐந்து சீசனில் ஏறிய வெற்றிகளில் நம்பத் தகுந்த முதல் சைகை அந்த நடு வருடம்தான். மியாமி அதே வருடம் கிழக்குப் பிரிவின் எட்டாவது இடத்திலிருந்து இறுதித் தொடர் வரை போனது உண்மை. அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

இனி த்ரீ பொயின்ட் விஷயம். ஆரம்பகால ஆச்சரியங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2024-25இல் ஓர் அணி மெட்ச்சுக்குச் சராசரியாக 37 தடவைக்கு மேல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தது. லீக் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 36 வீதம் உள்ளே போனது. பத்து மெட்ச் என்றால் 370 எறிதல். உண்மையில் 36 வீதம் போடக்கூடிய ஓர் அணி, திறமையில் ஒரு மாற்றமும் இல்லாமல், தற்செயலால் மட்டுமே அந்த 370இல் 33.5 தொடக்கம் 38.5 வீதம் வரை ஆடும். மூன்றில் ஒரு தடவை அந்த எல்லைக்கும் வெளியே போகும். 2.5 வீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். 370இல் அது 9 கூடை, 27 புள்ளி, மெட்ச்சுக்கு 2.7 புள்ளி. மேலே சொன்ன கைக்கணக்கில் போட்டால் முழு சீசனுக்கு ஏறத்தாழ 7 வெற்றி. 41 வெற்றி அணியை 48 வெற்றி அணிபோலக் காட்ட இது ஒன்றே போதும்.

இது நம் அணி எறிவதில் மட்டும். எதிரணி எறிவதிலும் அதே ஆட்டம் உண்டு. எதிரணி எத்தனை த்ரீ எறிகிறது, எந்த மூலையிலிருந்து எறிகிறது என்பதைத் தடுப்பாட்டத்தால் பெருமளவு கட்டுப்படுத்தலாம். கையை விட்டுப் போன பந்து உள்ளே விழுவதா இல்லையா என்பதில் தடுப்பவருக்கு இருக்கும் பங்கு குறைவு. ஆகவே, "இந்த வருடம் இந்த அணியின் தடுப்பாட்டம் லீக்கிலேயே முதலிடம்" என்று நவம்பரில் யாராவது சொன்னால், எதிரணிகளின் த்ரீ வீதத்தை முதலில் பாருங்கள். பத்து மெட்ச்சில் எதிரணிகள் 330 எறிந்து 100 மட்டும் போட்டிருந்தால் அது 30 வீதம். வழக்கமான 36 வீதத்துக்கு 119 போட்டிருக்கவேண்டும். 19 கூடை, 57 புள்ளி, மெட்ச்சுக்கு 5.7. அந்த அணியின் வித்தியாசம் +6 என்றால், அதில் பெரும்பகுதி எதிரணியின் தவறிய பந்துகள். தவறியவற்றில் சிலவற்றை எதிரணியே ரீபவுண்ட் எடுத்து மறுபடி போட்டிருக்கும், அதனால் 5.7 முழுவதையும் கழிக்கத் தேவையில்லை. ஐந்து என்று வைத்தாலே படம் தெளிந்துவிடும்.

எந்த எண்கள் சீக்கிரம் நிலைபெறும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். ஓர் அணி எங்கிருந்து எறிகிறது, எத்தனை தடவை பந்தைப் பறிகொடுக்கிறது, தவறிய பந்தில் எத்தனை வீதத்தைத் திரும்ப எடுக்கிறது: இவை பழக்கமும் ஆளமைப்பும் சார்ந்தவை, பத்துப் பன்னிரண்டு மெட்ச்சிலேயே ஓரளவு உண்மை சொல்லிவிடும். உள்ளே போகும் வீதம்தான் கடைசியாக நிலைபெறுவது.

ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022-23இல் 22-60, இமே உடோகா பயிற்றுவிப்பாளராக வந்த வருடம் 41-41, அடுத்து 2024-25இல் 52-30, மேற்கில் இரண்டாமிடம். எறிந்து போடுவதில் அவர்கள் யாரையும் மிரட்டும் அணி இல்லை. தாங்கள் எறிந்து தவறிய பந்தைத் தாங்களே எடுக்கும் ஓஃபென்ஸிவ் ரீபவுண்டில் லீக்கிலேயே முதலிடம். அல்பெரென் ஷெங்கூனோடு ஸ்டீவன் அடம்ஸையும் ஒரே நேரத்தில் இறக்கி, இரண்டு பெரிய உடம்பு ரிங்கடியில் நின்று தவறிய பந்தை எடுத்தார்கள். முதல் எறிதல் தவறினாலும் இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் அணிக்கு, கை வராத நாளிலும் தாங்குசக்தி உண்டு. இப்படிப்பட்ட ஆச்சரியத்தை நான் தயங்காமல் நம்புவேன். ஏழு மெட்ச் தொடரில் கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்றது, அரைக் கோர்ட் தாக்குதலில் நெருக்கடி நேரத்தில் புள்ளி எடுக்கும் வழி குறைவாக இருந்ததால்.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் இன்னும் விரிவாகப் பேசவேண்டிய அணி. 2023-24இல் முதல் மூன்று மெட்ச்சில் இரண்டை வென்றார்கள். பிறகு தொடர்ந்து 28 தோல்வி. ஒரே சீசனில் அப்படி நடந்ததே இல்லை. டிசம்பர் 30ஆம் திகதி டொரொன்டோவை வென்றுதான் அந்தத் தொடர் முடிந்தது. கடைசியில் 14-68. அடுத்த வருடம் 44-38. 82 மெட்ச் சீசன்களுக்கிடையில் வெற்றியை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்திய முதல் அணி. அந்த வருடத்தை எப்படித் தொடங்கினார்கள் தெரியுமா? 0-4. ஆனால் அந்த நான்கில் பேஸர்ஸிடம் 6 புள்ளியிலும், நடப்புச் சம்பியன் போஸ்டன் செல்டிக்ஸிடம் 6 புள்ளியிலும்தான் தோற்றார்கள். முந்தைய வருடத்து 2-1ஐவிட இந்த 0-4இல்தான் சரக்கு இருந்தது.

என்ன மாறியது என்று பார்த்தால் மந்திரம் ஏதுமில்லை. முந்தைய அணியில் கேட் கன்னிங்ஹம் பந்தோடு உள்ளே போகும்போது வெளியே நிற்பவர்களை எதிரணி கவனிக்கவே தேவையில்லை, ஏனென்றால் அவர்களுக்கு எறிதல் இல்லை. எதிரணியின் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் உள்ளே வந்து வழியை அடைத்தார்கள். அந்தக் கோடையில் மலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர், டோபியஸ் ஹரிஸ் மூவரையும் சேர்த்தார்கள். பீஸ்லி ஒரு வருட ஒப்பந்தத்தில் 6 மில்லியன் டொலருக்கு வந்தவர். 319 த்ரீ போட்டார், 41.6 வீதம். அவரைவிடக் கூடுதலாகப் போட்டவர் அந்தணி எட்வர்ட்ஸ் மட்டும், 320. பீஸ்லியை விட்டு ஓரடி தள்ளி நிற்க யாருக்கும் துணிவு வராது; கன்னிங்ஹமுக்கு அந்த ஓரடி போதும். அவர் 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட் (கூடையாகும் பாஸ்) என்று முடித்தார். பயிற்றுவிப்பாளராக வந்த ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் தடுப்பாட்டத்தை அடிமட்டத்திலிருந்து முதல் பத்தை ஒட்டிய இடத்துக்குக் கொண்டுவந்தார். ஜனவரி முதலாம் திகதி ஜேடன் ஐவிக்குக் கால் எலும்பு முறிந்தும் அணி குலையவில்லை. பீஸ்லியின் 41.6 வீதம் அடுத்த வருடமும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அது அவரது நல்ல வருடம். தடுப்பாட்டமும் கன்னிங்ஹமுக்குக் கிடைத்த இடைவெளியும் அமைப்பால் வந்தவை, அவை தங்கும்.

0-4இல் தொடங்கிய இன்னொரு ஆச்சரியம், 2022-23 சக்ரமென்டோ கிங்ஸ். 16 சீசனாக ப்ளே-ஓஃப் பார்க்காத அணி 48-34 என்று மேற்கில் மூன்றாமிடம் பிடித்தது. மைக் பிரவுன் ஒருவர்கூட மறுக்காமல் அவ்வருடத்தின் சிறந்த பயிற்றுவிப்பாளராகத் தெரிவானார். தாக்குதல் அபாரம், தடுப்பாட்டம் பலவீனம். ஆனால் பலர் கவனிக்காத எண் வேறு: ஃபொக்ஸ் 73, சபோனிஸ் 79, பார்ன்ஸ் 82, ஹேர்ட்டர் 75, மறே 80 என்று ஐந்து தொடக்க ஆட்டக்காரர்களும் ஏறத்தாழ முழு சீசனும் ஆடினார்கள். ஐந்து பேரும் ஒரே வருடத்தில் காயமின்றித் தப்புவது அடிக்கடி நடப்பதில்லை. அடுத்த வருடம் 46-36, மோசமில்லை, ஆனால் மேற்கு கடினமானதால் ப்ளே-இன்னோடு வெளியே. கீழே விழுந்த ஆச்சரியங்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். 2024-25 பிலடெல்பியாவின் நட்சத்திர மூவர்: எம்பீட் 19 மெட்ச், போல் ஜோர்ஜ் 41, மெக்ஸி 52. முடிவு 24-58. அங்கே உத்தியை ஆராய்வது வீண்வேலை.

ஓர் அணி நன்றாக ஆடினாலும் நிர்வாகம் என்ன நினைக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2022இல் யூட்டா ஜாஸ், தன் நட்சத்திரங்களான மிச்செலையும் கோபேரையும் கொடுத்துவிட்டு, எதிர்காலத்தில் புதிய ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் உரிமைகளைச் சேர்த்த அணி. கடைசியில் வரும் என்றார்கள். 10-3 என்று தொடங்கியது. பெப்ரவரியில் கொன்லி, வென்டர்பில்ட், பீஸ்லி மூவரையும் அனுப்பிவிட்டார்கள், முடிவு 37-45. அணிகள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் காலக்கெடு பெப்ரவரி தொடக்கத்தில் வரும். மீள்கட்டுமானத்தில் இருக்கும் அணியின் ஆச்சரியத்தை அதுவரை நம்பவேண்டாம்.

ஆட்டக்காரர்கள் பக்கம் வருவோம். "திடீரென்று வளர்ந்துவிட்டான்" என்று சொல்லப்படுபவர்களில் பாதிக்கு மேல் கூடுதல் நிமிடம் கிடைத்தவர்கள். அதனால் முதல் வேலை, 36 நிமிடத்துக்கு என்று மாற்றிப் பார்ப்பது: புள்ளியை ஆடிய நிமிடத்தால் வகுத்து 36ஆல் பெருக்குங்கள். 2024-25இல் அதிக முன்னேற்றம் கண்டவருக்கான விருதை வென்ற டைசன் டேனியல்ஸ், நியூ ஓர்லியன்ஸில் 22.3 நிமிடத்தில் 5.8 புள்ளி எடுத்தவர். அட்லான்டா ஹொக்ஸில் 33.8 நிமிடத்தில் 14.1. மாற்றிப் பார்த்தால் 36 நிமிடத்துக்கு 9.4 இலிருந்து 15. நிமிடத்துக்கும் மேலாக ஏதோ மாறியிருக்கிறது. ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) இன்னும் தெளிவு: 1.4 இலிருந்து 3.0, 36 நிமிடக் கணக்கில் 2.3 இலிருந்து 3.2. மொத்தம் 229. மெட்ச்சுக்கு மூன்று ஸ்டீல் என்ற சராசரி 1990-91இல் அல்வின் ரொபர்ட்சனுக்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. நியூ ஓர்லியன்ஸிலும் பந்தைத் தட்டும் கை அவரிடம் இருந்தது. எறிதலில் நம்பிக்கை இல்லாததால் பெஞ்ச்சில் இருந்தார். அட்லான்டாவில் ட்ரே யங் பந்தைக் கையாள, எதிரணியின் சிறந்த கார்டை (பந்தைக் கொண்டுவருபவரை) மறித்து ஆடுவதே டேனியல்ஸின் வேலையாயிற்று. திறமை ஏற்கெனவே இருந்து, வேலை பொருந்திய இடம் கிடைத்தால் அந்த ஆச்சரியம் நிலைக்கும்.

லௌரி மார்க்கனனும் அப்படித்தான். கிளீவ்லாண்டில் இரண்டு உயரமானவர்களுக்குப் பக்கத்தில் மூலையில் நின்று எறிந்தவர், 14.8 புள்ளி. யூட்டாவில் அவரைச் சுற்றியே தாக்குதல் அமைந்தது, 25.6 புள்ளி. வேலைப்பளு கூடியும் எறிதல் வீதம் 44.5 இலிருந்து 49.9க்கு ஏறியது. வழக்கத்துக்கு மாறான விஷயம் இது. பொதுவாகப் பொறுப்பு கூடினால் வீதம் இறங்கும், ஏனென்றால் எதிரணி கவனிக்கத் தொடங்கும், கடினமான எறிதல்கள் கூடும். ஆகவே புள்ளி கூடும்போது வீதம் சற்று இறங்கினால் பயப்படத் தேவையில்லை. நோர்மன் பவல் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸில் 13.9 இலிருந்து 21.8க்கு ஏறிய வருடம், த்ரீ வீதம் 43.5 இலிருந்து 41.8க்கு இறங்கியது. அவ்வளவு கூடுதலாக எறிந்தும் இறக்கம் இவ்வளவுதான் என்றால் அது சுத்தமான வளர்ச்சி. போல் ஜோர்ஜை இழந்து, கவை லெனர்ட் 37 மெட்ச் மட்டுமே ஆடியும் கிளிப்பர்ஸ் 50-32 எடுத்ததற்கு இது ஒரு காரணம். பெரிய காரணம் தடுப்பாட்டம்.

சந்தேகப்படவேண்டியவர், புள்ளியும் வீதமும் இரண்டும் ஒரே மாதத்தில் பாய்ந்தவர், அதுவும் த்ரீயில் மட்டும். ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் அவருடைய வீதத்தைப் பாருங்கள். யாரும் மறைக்காத, ஒரே தூரத்து எறிதல் அது; ஒருவரின் கை உண்மையில் எப்படி என்று அது காட்டும். வாழ்நாளெல்லாம் 65 வீதம் ஃப்ரீ த்ரோ போடுபவர் ஒரு மாதம் 45 வீதம் த்ரீ போட்டால், அடுத்த மாதம் 30க்கு வரக் காத்திருங்கள். 100 எறிதலில் ஒருவரின் வீதம் ஐந்து வீதப் புள்ளி மேலும் கீழும் போவது சாதாரணம். 400 எறிதலுக்குப் பிறகுதான் அது இரண்டரையாகக் குறையும்.

எதிரணி படித்துவிடும் என்பதும் ஒன்று. 2012 பெப்ரவரியில் நியூயோர்க்கின் ஜெரமி லின் லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளி எடுத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். இரண்டு வாரத்துக்குள் மியாமி அவரைப் பந்தோடு நடுக் கோர்ட்டிலேயே நெருக்கியது: 11 எறிதலில் 1, எட்டு டேர்ன்ஓவர் (எறியாமலே பந்தைப் பறிகொடுத்தது). ஏனைய அணிகளும் அதைப் பார்த்துக்கொண்டன. அவர் நல்ல ஆட்டக்காரர், பிறகும் பல வருடம் ஆடினார். இடப்பக்கம் தள்ளினால் பந்து தடுமாறும் என்பது தெரிந்துவிட்ட பிறகு அந்த இரண்டு வாரம் திரும்பி வரவில்லை. புதிய ஆட்டக்காரரை அளக்க, அதே எதிரணியை அவர் இரண்டாம் முறை சந்திக்கும் மெட்ச்சைப் பாருங்கள்.

ப்ளே-ஓஃப் ஆச்சரியங்களுக்கு வேறு அளவுகோல். ஏழு மெட்ச் தொடரில் மேலே சொன்ன தற்செயல் முழுவதும் ஒரு பக்கமே சாயலாம். 2023இல் மியாமியின் த்ரீ வீதம் சீசனில் 34 சொச்சம், ப்ளே-ஓஃபில் 38ஐ ஒட்டி. மில்வோக்கிக்கு எதிரான முதல் மெட்ச்சிலேயே அந்த அணியின் நட்சத்திரம் யானிஸ் காயப்பட்டார், நான்காவதில் மியாமியின் ஜிம்மி பட்லர் 56 புள்ளி எடுத்தார். அந்த ஓட்டத்தை மதிக்கவேண்டும், அடுத்த வருடக் கணிப்புக்கு அடிப்படையாக்கக் கூடாது. அடுத்த வருடம் முதல் சுற்றிலேயே போஸ்டனிடம் 4-1.

திருகோணமலையில் இருந்து பார்ப்பவருக்கு நேரமும் ஒரு தடை. நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை, அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணி மெட்ச் நமக்கு அதிகாலை 5.30. மற்றக் காலத்தில் 4.30. மேற்குக் கரை மெட்ச்கள் 8.30க்குத் தொடங்கும், பாடசாலை நாளில் பார்க்க வழியில்லை. முழு மெட்ச் பார்க்க முடியாதவர் பொக்ஸ் ஸ்கோரை (மெட்ச்சின் புள்ளிவிபர அட்டவணையை) இந்த ஒழுங்கில் பத்து நிமிடம் பார்த்தால் போதும்: இரு அணிகளும் எத்தனை த்ரீ எறிந்து எத்தனை போட்டன, டேர்ன்ஓவர், ஓஃபென்ஸிவ் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை, கடைசியாக யார் ஆடவில்லை. ஸ்கோரை மறைத்துக்கொண்டு இவற்றிலிருந்து யார் வென்றிருப்பார்கள் என்று ஊகிக்கப் பழகுங்கள். உங்கள் பெடியளையும் பழக்குங்கள்.

உங்கள் அணிக்கு இதைக் கொண்டுவரும்போது ஒரே ஒரு வித்தியாசம் பெரிது: மெட்ச் எண்ணிக்கை. பாடசாலை சீசனில் எட்டுப் பத்து மெட்ச்சுக்கு மேல் கிடைப்பது அரிது, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் நான்கு பகுதி. ஆகவே உள்ளே போன வீதத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். கிழக்கு மாகாணத்தில் யேசு சபைத் துறவிகள் ஊன்றிய காலத்திலிருந்தே இது பெரும்பாலும் திறந்த வெளிச் சீமெந்துத் தரையில் ஆடப்படும் ஆட்டம். கச்சான் வீசும் மாதங்களில் பின்னேர மெட்ச்சில் தூர எறிதல் காற்றில் விலகும். வாடைக் காலத்தில் தரை ஈரம், பந்து வழுக்கும், டேர்ன்ஓவர் கூடும். காற்றை ஒரு பக்கத்துக் கணக்கில் எழுதிவையுங்கள்: எந்தப் பகுதியில் எந்த ரிங் பக்கம் ஆடினோம் என்று.

ஒரு கொப்பியும் இரண்டு மாணவரும் போதும். ஒருவர் பந்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதவேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் ரீபவுண்ட் தவறிவிடும். இரு அணிக்கும் தனித்தனிப் பக்கம்: ரிங்கடி எறிதல், நடுத்தூரம், த்ரீ மூன்றுக்கும் எறிந்ததும் போட்டதும், ஃப்ரீ த்ரோ, ஓஃபென்ஸிவ் ரீபவுண்ட், டேர்ன்ஓவர். கையில் பந்து வந்த தடவைகளை இப்படிக் கணக்கிடுங்கள்: மொத்த எறிதல், கூட்டல் 0.44 பெருக்கல் எறிந்த ஃப்ரீ த்ரோ, கழித்தல் ஓஃபென்ஸிவ் ரீபவுண்ட், கூட்டல் டேர்ன்ஓவர். உதாரணமாக 58 எறிதல், 18 ஃப்ரீ த்ரோ, 14 ஓஃபென்ஸிவ் ரீபவுண்ட், 22 டேர்ன்ஓவர், 48 புள்ளி எடுத்த அணி என்றால்: 58 + 7.9 - 14 + 22, ஏறத்தாழ 74 தடவை. அதில் 22 எறியாமலே போனது, அதாவது 30 வீதம். மீதி 52 தடவையில் 48 புள்ளி, ஒரு தடவைக்கு 0.92. டேர்ன்ஓவரை 22 இலிருந்து 16 ஆக்கினால் ஐந்தரைப் புள்ளி சும்மா வருகிறது. எதிரணி ஓடிப்போய்ப் போடும் லேஅப்களும் குறையும். ஒரு மாதம் த்ரீ எறிந்து பழகி வரும் லாபத்தைவிட இது கூடுதல், காற்றும் இதைக் கெடுக்காது.

பொதுவாகத் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, கையில் பட்டு வெளியே போன பந்தை டேர்ன்ஓவராக எழுதுவது. எதிரணி தட்டி வெளியேபோய் நமக்கே திரும்பினால் அது டேர்ன்ஓவர் இல்லை. மற்றது, ஃபவுல் செய்யப்பட்டுத் தவறிய எறிதலை எறிதலாக எண்ணுவது. ஃப்ரீ த்ரோ கிடைத்தால் அது எறிதல் கணக்கில் வராது. இரு அணிகளின் தடவை எண்ணிக்கைக்கிடையே மூன்று நான்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் எழுதியதில் எங்கோ பிழை, ஏனென்றால் பந்து மாறி மாறித்தான் போகிறது.

பாடசாலை அணியில் ஆச்சரியம் பெரும்பாலும் ஆள் மாற்றத்தால் வருகிறது. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் விலகும் வருடம் முன்னைய சம்பியன் கீழே போகும். பதினாறு வயதுக்குட்பட்ட அணியில் ஒன்றாக ஆடிய நால்வர் மேலே வரும் வருடம் யாரும் எண்ணாத அணி எழும்பும். எதிரணியின் பெயர்ப் பட்டியலை, இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் ஆடிய கனிஷ்ட அணிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்ற வருட முடிவைவிட அது உங்களுக்குக் கூடுதலாகச் சொல்லும். உங்கள் அணி முதல் மூன்று மெட்ச்சையும் வென்றிருந்தால், கொப்பியைத் திறந்து ரிங்கடி எறிதல் எண்ணிக்கையில் எதிரணியைவிட நீங்கள் கூடவா, டேர்ன்ஓவர் 25 வீதத்துக்குள்ளா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் பயிற்சியை மாற்றாமல் தொடருங்கள். இல்லை என்றால், வென்றுகொண்டிருக்கும்போதே, நான்காவது மெட்ச்சுக்கு முன்பு, பந்தை முன்னே கொண்டுபோகும் பயிற்சிக்கு நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.